அன்ரிக்கு எப்படி டிப்ஸ் வைப்பது?

டொராண்டோவுக்கு நான் ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. ஒரு கூறைப் புடவையைக் கொண்டுபோய்க் கொடுக்கப் போனேன். ஆனால் நான் வந்து இறங்கிய அன்று புடவை என்னோடு வரவில்லை. பெட்டிகள் சுற்றி வரும் பட்டையின் முன்னால் கால் கடுக்க நான் நின்றுகொண்டிருக்க, என் பெட்டி வேறு ஏதோ நாட்டில் சொகுசாக ஊர் சுற்றிக்கொண்டிருந்தது.

புடவை வதனிக்கு. அவளும் அவள் அண்ணன் ரவியும் அண்ணி மலரும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து உறையூரில் என் வீட்டு மாடியில் சில வருடங்கள் குடியிருந்தவர்கள். அங்கிருந்துதான் கனடாவுக்குப் போனார்கள். வதனிக்குக் கல்யாணம் நிச்சயமானதும் மலர் போன் செய்தாள். "கூறையை நீங்கள்தான் எடுத்துக்கொண்டு வரவேணும் அக்கா. வேறை ஆரையும் நம்பேலாது." திருச்சி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வாழ்நாளெல்லாம் பிறர் பேசுவதற்கு இணைப்புக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். ஒரு முறை மறுமுனைக்கு நானே போய்ப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. கிளம்பிவிட்டேன்.

மறுநாள் காலை பெட்டி வந்துவிட்டதாகத் தகவல் வந்தது. ரவிக்கு விமான நிலையத்திலேயே சாமான் ஏற்றி இறக்கும் பிரிவில் வேலை. என்னையும் அழைத்துக்கொண்டு போனான். பெட்டியைத் திறந்து புடவையை முகர்ந்து பார்த்தேன். பட்டு வாசனை அப்படியே இருந்தது. அந்த மகிழ்ச்சியில் பசி எடுத்துவிட்டது. மிசிசாகாவில் ஒரு உணவகத்துக்கு ரவி காரை விட்டான்.

வாசலில் வரிசை வரிசையாகக் கார்கள் நின்றன. உள்ளே முட்டை வாசமும் காபி வாசமும். நம் ஊர்க் காபித் தம்ளரைவிட நான்கு மடங்கு பெரிய கோப்பையில், நம் காபியில் நான்கில் ஒரு பங்கு ருசியோடு ஒரு திரவம் வந்தது. குடிக்கக் குடிக்க ஊற்றிக்கொண்டே இருந்தாள் பரிமாறிய பெண். தலைமுடி முதுகில் புரளும், ஐம்பதை ஒட்டிய வெள்ளைக்காரி. என்னைத் தேனே என்று கூப்பிட்டாள். என்னைப் பெற்றவள்கூட அப்படிக் கூப்பிட்டதில்லை. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

பில் வந்ததும் ரவி கை நீட்டினான். வீட்டுக்கார அக்கா என்ற அதிகாரத்தில் அதை நான் பிடுங்கிக்கொண்டேன். போட்டிருந்த தொகையைச் சரியாக எடுத்து வைத்தேன். அப்போது ரவியின் வேலையிடத்து ஆள் ஒருவர் வந்து கை குலுக்க, அவன் மேசையைக் கவனிக்கவில்லை. நாங்கள் கார் கதவைத் திறக்கும்போது அந்தப் பெண் பின்னாலேயே ஓடி வந்தாள். மே மாதம் என்றாலும் அந்தக் காற்றில் எனக்கு இரண்டு ஸ்வெட்டர் தேவைப்பட்டது. அவள் அரைக்கைச் சட்டையோடு நின்றாள்.

"ஏதாவது தப்பு நடந்துவிட்டதா? நான் உங்களைச் சரியாகக் கவனிக்கவில்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"ஒரு குறையும் இல்லை. மிக நன்றாகக் கவனித்தீர்கள்" என்று என் எக்ஸ்சேஞ்ச் ஆங்கிலத்தில் சொன்னேன். உண்மையைத்தான் சொன்னேன். அவள் முகம் இன்னும் குழம்பிப் போயிற்று. ரவிக்கு விஷயம் புரிந்துவிட்டது. முகம் சிவக்க ஓடிப்போய் அவள் கையில் பணத்தைத் திணித்துவிட்டு, மன்னிப்பும் கேட்டுவிட்டு வந்தான்.

காரில் எனக்குப் பாடம் நடந்தது. நாம் டிப்ஸ் என்பது அவன் வாயில் ரிப்ஸ். "அக்கா, இஞ்சை ரிப்ஸ் வைக்காமல் எழும்பினால், சாப்பிட்டதுக்கே காசு குடுக்காத மாதிரி. நூற்றுக்குப் பதினைஞ்சு எண்டாலும் வைக்கவேணும்."

"யாரு போட்ட சட்டம்?"

"சட்டம் இல்லை. வழக்கம்."

"சட்டம்னா ஒரு தடவை கேள்வி கேட்டுட்டு விட்டுடுவேன். வழக்கம்னா விட மாட்டேன்."

"முதலாளி குடுக்கிறது அவைக்குக் காணாது அக்கா. நாங்கள் வைக்கிறதிலைதான் மிச்சம் ஓடுது."

"போதலைன்னா முதலாளியைக் கூப்பிடு. நான் பேசறேன். அவரு குடுக்க வேண்டிய சம்பளத்தை நான் ஏன் குடுக்கணும்? நானா கடை நடத்தறேன்?"

ரவி ரேடியோவைத் திருகினான். நான் ஒன்றும் கருமி இல்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் நான் வழக்கமாகப் போகும் டிபன் கடையில் சர்வருக்குச் சோம்புத் தட்டில் காசு வைக்காமல் எழுந்ததில்லை. ஆனால் அது என் இஷ்டம். அவர் இரண்டாவது கரண்டி சாம்பாரைக் கேட்காமல் ஊற்றினார் என்பதற்காக வைப்பேன். கோபம் வந்த நாளில் வைக்காமலும் வருவேன். மறுநாள் அதே சிரிப்போடு இட்லி வைப்பார். வாசல்வரை துரத்தி வந்து காரணம் கேட்க மாட்டார். எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த காலத்தில், ட்ரங்க் கால் சீக்கிரம் போட்டுக் கொடுத்தேன் என்று பெரிய கடைவீதி நகை வியாபாரி ஒருவர் தீபாவளிக்கு இனிப்புப் பெட்டி அனுப்பினார். வந்த ஆளிடமே திருப்பிக் கொடுத்தேன். சம்பளம் வாங்குகிற வேலைக்கு மேற்கொண்டு வாங்குவது லஞ்சத்துக்குத் தங்கச்சி என்பது என் கட்சி. கனடா வந்ததற்காகக் கட்சி மாறுவதாக இல்லை.

ரவியின் வீடு வெக்ஸ்போர்ட்டில், ஒரு அடுக்குமாடியில். லிப்டிலிருந்து அவர்கள் கதவுவரை நடந்தால் ஒரு வீட்டில் பூண்டு வதங்கும், ஒரு வீட்டில் ஆட்டிறைச்சி வேகும், ஒரு வீட்டில் என்னவென்றே சொல்ல முடியாத ஒன்று கருகும். மலரிடம் ரவி எல்லாவற்றையும் சொல்லியிருந்தான். அன்றிலிருந்து எனக்குத் தேநீர் கொடுக்கும்போதெல்லாம் அவள் கையை நீட்டி, "அக்கா, ரிப்ஸ்" என்பாள். நான் அவள் உள்ளங்கையில் ஒரு தட்டு தட்டுவேன்.

இரண்டு நாள் கழித்து மலரும் நானும் ரயிலில் நகரத்துக்குப் போனோம். கல்யாணத்துக்கு வேண்டிய சில்லறைச் சாமான்கள் வாங்கவேண்டியிருந்தது. திரும்பும்போது மாடி வைத்த ரயில் ஒன்றில் ஏறினோம். எங்கள் இருக்கைக்கு எதிரே அலுவலகப் பெண்கள் இருவர். ஒருத்தி தன்னைச் சாப்பிட அழைத்துப்போன யாரோ ஒருவனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆள் அழகாம், நல்ல வேலையாம், ஆனால் மேசையில் ஒரே ஒரு நாணயத்தை வைத்துவிட்டு எழுந்தானாம்.

"பரிமாறுகிறவளுக்கே இவ்வளவுதான் என்றால், கட்டிக்கொள்கிறவளுக்கு என்ன வைப்பான்?" என்றாள்.

மற்றவள் அதை ஆமோதித்தாள். மலர் என் விலாவில் இடித்தாள். எனக்கு ஆங்கிலம் தெரியும் என்பது அவளுக்குத் தெரியும். நான் ஜன்னல் வழியாக ஏரியைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டிருந்த ஏரி முடியவே இல்லை. அது எங்கள் நிறுத்தத்தில் நிற்காத வேக ரயில் என்பது அப்புறம்தான் தெரிந்தது. பிக்கரிங்கில் போய் இறக்கிவிட்டது. மலர் பொதுத்தொலைபேசியிலிருந்து ரவியைக் கூப்பிட்டாள். அவன் வேலை முடிந்து வந்து எங்களைக் காரில் ஏற்றும்போது மூவருக்கும் பசி. சமைக்க யாருக்கும் தெம்பில்லை.

"அன்ரியின்ரை கடைக்குப் போவம்" என்றான் ரவி.

அன்ரியின் கடை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். கடை அன்ரியுடையது இல்லை. ஸ்கார்பரோவில் ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடை. முதலாளி கல்லாவில் உட்கார்ந்திருந்தார். அன்ரி அங்கே பரிமாறுகிறவர். பெயர் பிலோமினா. மன்னார்க்காரர். ஐம்பதைத் தொடும் வயது, கழுத்தில் சிறிய சிலுவை, இறுக்கி முடிந்த கொண்டை. நாம் ஆன்ட்டி என்று சொல்வதை அவர்கள் அன்ரி என்கிறார்கள். அந்தக் கடைக்குள் நுழைகிற அத்தனை பேரும், அவரைவிட மூத்தவர்கள்கூட, அன்ரி என்றே கூப்பிட்டார்கள்.

பின்னால் இரும்புத் தகடுகள் கொத்துரொட்டியைத் தாளம் போட்டுக் கொத்திக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்துக்கு நடுவே பிலோமினா ஒருவரைப் பார்த்து, "என்ன தம்பி, மெலிஞ்சு போனாய்?" என்றார். இன்னொரு மேசையில் அழுத குழந்தைக்குக் கேட்காமலே வெறும் இடியப்பத்தில் பால் ஊற்றிக் கொண்டுபோய் வைத்தார். என்னிடம் வந்தார்.

"இந்தியாவோ? எங்கடை உறைப்புத் தாங்குவியளோ?"

"கொண்டு வாங்க, பாத்துடலாம்" என்றேன்.

கணவாய்க் கறி வந்தது. இரண்டு வாய்க்குள் கண், மூக்கு, காது மூன்றும் நிறைந்துவிட்டன. நான் தண்ணீர் கேட்கவில்லை, கேட்டால் தோற்றுப்போனதாகிவிடும். பிலோமினா என்னைப் பார்த்த மாதிரியே காட்டிக்கொள்ளாமல் ஒரு கிண்ணம் சொதியைக் கொண்டுவந்து கைப்பக்கம் வைத்துவிட்டுப் போனார். தேங்காய்ப்பாலில் வெந்தயமும் எலுமிச்சையும் சேர்ந்த அந்தச் சொதிக்கு நான் எதை வேண்டுமானாலும் எழுதிக் கொடுத்திருப்பேன்.

ரவி கல்லாவில் பணம் கட்டினான். எல்லோரும் எழுந்தோம். "அன்ரி, போட்டு வாறம்" என்றான். போய்விட்டு வருகிறோம் என்று அர்த்தம். பிலோமினாவும் கையாட்டினார். நான் மேசையைப் பார்த்தேன். எச்சில் தட்டுகளைத் தவிர ஒன்றும் இல்லை. பக்கத்து மேசையில் எழுந்து போனவர்களும் ஒன்றும் வைக்கவில்லை.

வாசலில் ரவியைப் பிடித்துக்கொண்டேன். "எங்கப்பா நூத்துக்குப் பதினஞ்சு?"

"ஐயோ அக்கா, மெல்லக் கதையுங்கோ. அன்ரிக்கு எப்பிடி ரிப்ஸ் வைக்கிறது?"

"அந்த வெள்ளைக்காரம்மாவுக்கு ஓடிப்போய்க் குடுத்தியே."

"அவ ஆரோ. இவ எங்கடை அன்ரி எல்லோ. மேசையிலை காசை வைச்சிட்டுப் போனால் வேலைக்காரி எண்டு நினைச்ச மாதிரிப் போயிடும். மரியாதை எண்டு ஒண்டு கிடக்கு."

அப்படி வா வழிக்கு என்று நினைத்துக்கொண்டேன். டிப்ஸ் கட்டாயம் இல்லை என்ற என் கட்சிக்குத்தானே இவனும் வருகிறான்? இந்த ஊரில் நம் சனம் மட்டும் இன்னும் மானத்தோடு இருக்கிறது என்று வீடு வரும்வரை மலரிடம் அளந்துகொண்டே வந்தேன். மலர் இந்த முறை ரிப்ஸ் கேட்டுக் கை நீட்டவில்லை.

என் வெற்றி மறுநாள் மதியம்வரைதான் நிலைத்தது. கல்யாணத்துக்கு வரும் விருந்தாளிகளுக்கு ரோல்ஸ் பலகாரம் சொல்லி வர மலர் என்னை அந்தக் கடைக்கு அனுப்பினாள். சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்காக நின்றேன். கொஞ்ச நேரத்தில் பிலோமினாவும் வந்து பக்கத்தில் நின்றார். மதியச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் நடுவில் கிடைக்கிற இடைவெளியில் முழங்காலுக்குக் கட்டுத்துணி வாங்கப் போகிறாராம். காற்று முகத்தில் அறைந்தது. பேச்சை நான்தான் ஆரம்பித்தேன்.

"எல்லாரும் உங்க மேல எவ்வளவு மரியாதை வெச்சிருக்காங்க பிலோமினாம்மா. டிப்ஸ் குடுத்து உங்களைக் கேவலப்படுத்தறது இல்ல. எனக்கு அது ரொம்பப் பிடிச்சிருந்தது."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சிரித்தார். சந்தோஷமான சிரிப்பு இல்லை.

"அக்கா, மரியாதையைக் கொண்டுபோய்க் குடுத்தால் வீட்டுச் சொந்தக்காரன் வாடகைக் காசாய் எடுப்பானோ?"

அவர் சொல்லிக்கொண்டே போனார். "என்னை வேலைக்கு எடுக்கேக்கை முதலாளி என்ன சொன்னவர் தெரியுமோ? சம்பளம் உவ்வளவுதான், மிச்சம் மேசையிலை வரும் எண்டவர். மேசையிலை எனக்கு எச்சில் கோப்பைதான் வருது. சனி ஞாயிறிலை கயானா நாட்டு மனிசன் ஒருத்தர் என்னோடை பரிமாறுறவர். அவருக்குத் தமிழே தெரியாது. அவருக்கு எங்கடை சனம் வைக்குது. வடிவாய் வைக்குது. ஏனெண்டால் அவர் ஒருத்தருக்கும் அண்ணை இல்லை, அங்கிள் இல்லை. நான் எல்லாருக்கும் அன்ரி. அன்ரி, அன்ரி எண்டு கூப்பிட்டே என்ரை வயித்திலை அடிக்கினம்."

"நீங்க வாய் விட்டுக் கேக்கலாமே?"

"எப்பிடிக் கேக்கிறது? அன்ரி மாறிப்போனா, காசுக்கு ஆசைப்படுறா எண்டு ஊரெல்லாம் கதைப்பினம். இந்த மாதம் முடியட்டும். மிசிசாகாவிலை ஒஃபீஸ் கட்டிடம் துடைக்கிற வேலை ஒண்டு சொல்லி வைச்சிருக்கிறன். போயிடுவன்."

"போக இஷ்டமா?"

"எனக்குச் சனத்துக்குப் பரிமாறுறதுதான் விருப்பம் அக்கா. ஆர் என்ன சாப்பிடுவினம், ஆருக்கு என்ன ஒத்துக்கொள்ளாது எண்டு பாத்துப் பாத்துச் செய்யிறதிலை ஒரு சந்தோசம். தரை என்னோடை கதைக்குமோ?"

என் கை தானாகக் கைப்பைக்குள் போனது. அவர் அதைப் பார்த்துவிட்டார். முகம் கடுத்துவிட்டது.

"வேண்டாம். ரோட்டிலை வைச்சு வாங்கினால் அது பிச்சை. மேசையிலை வைச்சால் என்ரை உழைப்பு."

பஸ் வந்தது. அவர் ஏறி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு முன் இருக்கையில் உட்கார்ந்தார். நான் பின்னால் போய் உட்கார்ந்தேன். எனக்குக் கோபம் தலைக்கேறியது. முதலாளி மேல் இருந்த கோபம் குறையவில்லை, இன்றும் குறையவில்லை. சம்பளத்தை அவர்தான் ஒழுங்காகக் கொடுக்கவேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது பேச்சே கிடையாது. ஆனால் அவர் பாதியை விழுங்கிவிட்டு மீதியைச் சாப்பிட வருகிறவர்கள் தலையில் கட்டுகிறார். சாப்பிட வருகிறவர்களோ அன்ரி என்று ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டு போகிறார்கள். முறை சொல்லிக் கூப்பிடுவது இவ்வளவு மலிவாக முடிகிற காரியம் என்று எனக்கு அதுவரை தெரியாது. வெள்ளைக்காரர்கள் கேட்டுப் பிடுங்குகிறார்கள் என்று கோபப்பட்டேன். நம்மவர்கள் கொஞ்சியே பிடுங்குகிறார்கள்.

கல்யாணம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. கூறை உடுத்திக்கொண்டு வதனி வந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. வேறு நாட்டுக்குப் போய்வந்த அந்தப் புடவையில் ஒரு மடிப்புகூடக் கலையவில்லை. நாதஸ்வரக்காரர் நன்றாக வாசித்தார். ஐயர் அவசரப்பட்டார், அடுத்த கல்யாணம் இருந்ததாம். மற்றபடி குறை சொல்ல ஒன்றும் இல்லை.

மறுநாள் ஞாயிறு. இரண்டு வீட்டாரும் சேர்ந்து மதியச் சாப்பாட்டுக்கு அன்ரியின் கடைக்குப் போனோம். மாப்பிள்ளையின் பெரியப்பா பிக்கரிங்கில் புது வீடு வாங்கியவர். கோட்டை மாட்டிக்கொண்டு தலைப்பக்கத்தில் உட்கார்ந்தார். மேசைகளை ஒன்றாகச் சேர்த்துப் போட்டிருந்தார்கள். எங்கள் கூட்டத்துக்கு முழுக்க முழுக்கப் பிலோமினாதான். கயானாக்காரர் மற்ற மேசைகளைப் பார்த்துக்கொண்டார். மாப்பிள்ளைக்குக் கத்தரிக்காய் ஆகாது என்று பிலோமினா கேட்டுத் தெரிந்துகொண்டார். பெரியப்பாவுக்குச் சர்க்கரை என்பதால் பாயசத்துக்குப் பதில் வேறு ஏதோ கொண்டுவந்தார். வதனியின் தட்டில் வைத்த மீனில் முள்ளை அவரே எடுத்துவிட்டார். பெரியப்பா, "அன்ரி இருக்கும்வரைக்கும் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். நான் பிலோமினாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் சம்பல் கிண்ணத்தை நிரப்பிக்கொண்டிருந்தார்.

பில் வந்ததும் ரவிக்கும் பெரியப்பாவுக்கும் சண்டை. "நான் குடுக்கிறன்", "நீங்கள் விடுங்கோ", "அது எப்பிடி?" என்று கையைப் பிடித்து இழுத்து, கல்லாவரை தள்ளுமுள்ளு. கடைசியில் பெரியப்பா வென்றார். நோட்டுகளை விசிறி மாதிரி பிடித்து முதலாளியிடம் கொடுத்தார். எல்லோரும் கோட்டை மாட்டினார்கள். "அன்ரி, நல்ல சாப்பாடு! போட்டு வாறம்!"

நான் எழுந்திருக்கவில்லை. கைப்பையைத் திறந்து, என் பங்குக்கு எவ்வளவு என்று எனக்குத் தோன்றியதோ அவ்வளவு எடுத்து மேசையில் போட்டு, தண்ணீர்த் தம்ளரை அதன்மேல் வைத்தேன். மறைத்து வைக்கவில்லை. எல்லோரும் பார்க்கும்படி நிதானமாக வைத்தேன்.

மலர் ஓடி வந்தாள். "அக்கா, என்ன செய்யிறியள்? அன்ரி என்ன நினைப்பா?"

"அவங்க என்ன நினைப்பாங்கன்னு நீங்க யாராவது என்னைக்காவது கேட்டீங்களா?"

பெரியப்பா திரும்பி வந்தார். "இந்தியாவிலை உப்பிடிச் செய்வினமோ தெரியாது. பிலோமினா எங்கடை ஆள். காசை நீட்டி அவவை அவமதிக்காதேங்கோ."

"அவங்களே நிக்கறாங்க. கேளுங்க."

பிலோமினா ஒரு கையில் தட்டுகளை அடுக்கிக்கொண்டு நின்றார். அத்தனை பேரும் அவரைப் பார்த்தார்கள். கல்லாவிலிருந்து முதலாளியும் எட்டிப் பார்த்தார். பிலோமினாவைக் கேட்காமலே அவரை நடுச்சபையில் நிறுத்திவிட்டேன். ஐயோ, வேண்டாம் என்று ஒரு வார்த்தை அவர் சொன்னால் போதும். எல்லோரும் நிம்மதியாகச் சிரித்துக்கொண்டு போய்விடுவார்கள். மாதக் கடைசியில் அவர் மிசிசாகாவில் தரை துடைக்கப் போய்விடுவார்.

அவர் தட்டுகளைக் கீழே வைத்தார். முன்துணியில் கையைத் துடைத்தார். தம்ளரை நகர்த்தி, நோட்டுகளை எடுத்து மடித்து, முன்துணிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"ஓம், நான் உங்கடை ஆள்தான்" என்றார். "உங்கடை ஆளுக்கும் வாடகை கிடக்கு."

பெரியப்பாதான் கேட்டார். "அப்ப இவ்வளவு நாளும் ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் என்னட்டை உறைப்புக் காணுமோ, உப்புக் காணுமோ எண்டுதான் கேட்டனியள்."

பிறகு ரவியைப் பார்த்தார். குரலில் கோபம் இல்லை. பிள்ளைகளிடம் கையைக் கழுவு என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார். "தம்பி, அக்கா விருந்தாளி. அவ தன்ரை பங்கை வைச்சிட்டா."

ரவியின் காது மடல்கள் சிவந்தன. பர்ஸை எடுத்தான். வதனி புது மணப்பெண்; புகுந்த வீட்டார் பார்த்துக்கொண்டிருக்கத் தன் சின்னக் கைப்பையைத் திறந்து அவளும் வைத்தாள். பெரியப்பா கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். அவர் வைக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மலர் வெடித்தாள். "சம்பந்தி வீட்டுக்காரருக்கு முன்னாலை எங்களை வெக்கப்படுத்திப் போட்டியள் அக்கா."

"வெக்கப்பட வேண்டியதுக்குத்தானே வெக்கப்பட்டீங்க" என்றேன். அன்று இரவு அவள் எனக்குத் தேநீர் போடவில்லை. நானே போட்டுக்கொண்டேன். அடுத்த நாள் காலை போட்டாள்.

ஊருக்குக் கிளம்பும் நாள் மதியம் ரவிக்கு ஏதோ ஒரு வேலை இருந்தது. என்னை அந்தக் கடையில் இறக்கிவிட்டுப் போனான். நானே கேட்டுத்தான் போனேன். ஓரத்து மேசையில் உட்கார்ந்து இடியப்பமும் சொதியும் சொன்னேன். பிலோமினா என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். கடை நிறைய ஆட்கள்.

வேலை உடுப்போடு சாப்பிட்டுக்கொண்டிருந்த மூன்று ஆண்கள் எழுந்து, "அன்ரி, போட்டு வாறம்" என்று சொல்லிக்கொண்டு வாசலை எட்டிவிட்டார்கள்.

"நில்லுங்கோ" என்றார் பிலோமினா. "வாய் நிறைய அன்ரி எண்டு கூப்பிட்டியள். மேசையிலை ஒண்டையும் காணேல்லை."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் அசட்டுச் சிரிப்போடு திரும்பி வந்தான். மற்ற இருவரும் பின்னாலேயே வந்து பைகளைத் துழாவினார்கள். "சொறி அன்ரி" என்று மன்னிப்புக் கேட்டான் ஒருவன். "நாளைக்கு வா, கணவாய் வருது" என்றார் அவர்.

எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெண் பக்கத்தில் இருந்தவளிடம், "கண்டியே, அன்ரி மாறிப்போனா. எல்லாம் காசுதான்" என்றாள். சத்தமாகவே சொன்னாள். பிலோமினாவுக்குக் கேட்டிருக்கும். அவர் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு கணம் கை நின்றது. பிறகு ஓரம்வரை துடைத்து முடித்தார்.

எனக்குச் சொதி ஊற்ற வந்தபோது, "மிசிசாகா?" என்று கேட்டேன்.

"மாதம் முடிய இன்னும் நாள் கிடக்கு. பாப்பம்" என்றார். "சில பேர் இப்ப வாறேல்லை. அந்தப் பெரியப்பா ஆக்கள் வாறேல்லை. முதலாளிக்கு என்னிலை கோவம்."

"அவரு கோவப்பட்டா சம்பளத்தைக் கூட்டச் சொல்லுங்க."

"அதையும் ஒரு நாளைக்குக் கேப்பன்" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

ரவி வெளியே வந்து ஹாரன் அடித்தான். கல்லாவில் பணம் கட்டினேன். திருச்சியில் எந்த வங்கியும் கனடா நாணயங்களை மாற்றித் தராது என்பதால், கைப்பையின் அடியில் கிடந்த சில்லறையை எல்லாம் அள்ளி மேசையில் குவித்துவிட்டு வாசலுக்கு நடந்தேன். கனம் குறைந்தது, கடமையும் முடிந்தது என்றிருந்தது.

"அக்கா!"

கடை முழுதும் திரும்பியது. பிலோமினா என் மேசை அருகே நின்றார். உள்ளங்கையில் என் சில்லறை.

"உது காணாது" என்றார்.

இவ்வளவு கொடு என்று எனக்குக் கணக்குச் சொல்ல இந்த உலகத்தில் ஒருவரையும் நான் விட்டதில்லை. மறுபேச்சுப் பேச எனக்கு வாய் இல்லாமலும் இல்லை. ஆனால் கடை நிறைய ஆட்கள் கேட்க, குரலைத் தாழ்த்தாமல், கொஞ்சமும் கூசாமல் அவர் அதைச் சொன்னார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வெளியே ரவி இன்னொரு முறை ஹாரன் அடித்தான். அடிக்கட்டும் என்று திரும்பி வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கைப்பையைத் திறந்தேன்.